விடியப்புறம் எந்தப் பாட்டு?

புதுக்குடியிருப்பில் இருந்து தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 33. காலமை 5 மணிக்கு எழும்பும்போதே நெஞ்சில் கல் ஏற்றி வைத்தது போல இருக்கிறதாம். பாட்டுக் கேட்டால் மனம் சரிவரும் என்று யாரோ சொல்ல, பள்ளிக்கூடக் காலத்தில் தனக்குப் பிடித்திருந்த பாட்டுகளைப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறார். சில நாள் நன்றாக இருக்கிறது. சில நாள் பஸ் ஏற முன்னமே அழுகை வந்துவிடுகிறது. இதற்குள் அம்மா குசினியில் றேடியோவைச் சத்தமாக வைத்து மரண அறிவித்தல் கேட்கிறாவாம். காலையில் மனதைச் சரிப்படுத்தப் பாட்டு உதவுமா, உதவும் என்றால் எந்தப் பாட்டு, எந்த ராகம்? கேள்வி இதுதான்.

உதவும். ஆனால் சங்கீதம் படிப்பிக்கிற ஆளாக இருந்தும் நான் ராகத்தில் இருந்து தொடங்கப் போவதில்லை. பாண் ஓட்டோவில் இருந்து தொடங்குகிறேன்.

காலமையில் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வரும்போது ஒரு மெட்டு வருமே, அது பேத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய 'ஃபூர் எலீஸ்'. மேற்கத்தைய இசையில் அது மைனர் சுரவரிசை. சோகத்துக்கும் ஏக்கத்துக்கும் எடுக்கிற வரிசை என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் ஒழுங்கையில் அந்த மெட்டுக்கு எந்தப் பிள்ளையாவது ஏங்கி நின்றதை நான் காணவில்லை. வாய் ஊறும், காசு கேட்டு அம்மாவின் சட்டையைப் பிடிக்கும், படலையடிக்கு ஓடும். மணியடித்ததும் வாயூறிய பவ்லோவின் நாயைப் பற்றி விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே கதைதான். மெட்டுக்குள் சீனிப் பணிஸ் ஒன்றும் இல்லை. தினம் தினம் மெட்டும் பணிசும் சேர்ந்து வந்ததால், மெட்டைக் கேட்டதும் வயிறு எழும்புகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வகுப்பில் ஒருமுறை திருப்பொற்சுண்ணம் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து, என்னைக் கேட்காமலே வெளியே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பதிகத்தில் சாவு இல்லை. இறைவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்களின் பாட்டு அது. உலக்கை போடும் தாளத்தில் மாணிக்கவாசகர் குதூகலமாகப் பாடியது. ஆனால் எங்கள் ஊர்களில் அதைச் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிறோம். அவள் அதைக் கடைசியாகக் கேட்டது தன் வீட்டு முற்றத்தில்.

ஆகவே, 'சந்தோசமான பாட்டு எது' என்று தேடுவதை விட, 'இந்தப் பாட்டில் எனக்கு என்ன ஒட்டிக்கொண்டு இருக்கிறது' என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்களுடைய பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டுகளுக்கு வருகிறேன். மனிதருக்குப் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள்தான் மற்றெல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிகின்றன, அதிக நினைவுகளையும் கிளப்புகின்றன. நினைவைப் பற்றிய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரியும் விசயம் இது. அறுபது வயதுக்காரர் தன் பதினேழு வயதுப் பாட்டைக் கேட்டு முகம் மலர்வது அதனால்தான். உலகத்தில் வேறு இடங்களில் இருப்பவர்களுக்கு, 'உங்கள் பள்ளிக்கூடக் காலப் பாட்டுகளைப் போடுங்கள், உற்சாகம் வரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வன்னியில் இப்போது முப்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கணக்குப் பாருங்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது உங்களுக்கு 14, 15 வயது இருக்கும். 2008இல் இடம்பெயர்வு, 2009 மே, பிறகு செட்டிகுளம் முகாம். உங்கள் கதை எனக்குத் தெரியாது, நான் ஆண்டுகளை மட்டும்தான் எண்ணுகிறேன். மூளை பாட்டுகளை அழுத்திப் பதித்துவைக்கும் அந்த நாலைந்து வருடம் உங்கள் வயதுக்காரருக்கு எந்த நாலைந்து வருடம் என்று பார்த்தால், அழுகை வருவது ஆச்சரியமில்லை. துள்ளல் பாட்டுக்கும் வரும். பக்கத்தில் இருந்து கூடப் பாடின ஆள் இப்போது இல்லை என்றால், குத்துப்பாட்டும் ஒப்பாரிதான்.

அந்தப் பாட்டுகளை அழித்துப்போடச் சொல்லவில்லை. அவற்றுக்கு வேறு நேரம் கொடுங்கள். சனிக்கிழமை பின்னேரம், கூடப்பிறந்ததுகளோ சிநேகிதியோ பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், ஆறுதலாகக் கதைக்க ஆள் இருக்கும். காலமை 5 மணிக்கு, தனியாக, அரைத் தூக்கத்தில், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அரைத் தூக்கம் என்றது சும்மா சொன்னதில்லை. கண் திறந்த உடனே மூளை முழுதாக விழிப்பதில்லை. கால் மணியில் இருந்து அரை மணி வரை, சிலருக்கு அதற்கும் மேலே, ஒரு மந்தம் இருக்கும். அதே நேரம் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறத் தொடங்கி, எழும்பி 30, 45 நிமிடத்தில் உச்சத்துக்கு வரும். உடம்பு தன்பாட்டில் இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் எது காதில் விழுந்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே தாக்கும் என்பது என் அனுபவம். அலாரம் அதில் முதலாவது. 2020இல் மெல்பேர்ணில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 50 பேரிடம் அவர்கள் எந்தச் சத்தத்துக்கு எழும்புகிறார்கள், எழும்பின பிறகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். 'பீப் பீப்' என்று குத்துகிற அலாரக்காரரை விட, மெட்டோடு இருக்கும் அலாரத்துக்கு எழும்பினவர்கள் மந்தம் குறைவு என்று சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லையே. ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். உங்களுக்கு உயிரான பாட்டை அலாரத்துக்கு வைக்காதீர்கள். பாண் ஓட்டோ விதி அங்கேயும் வேலை செய்யும். இரண்டு மாதத்தில் அந்தப் பாட்டைக் கலியாண வீட்டில் கேட்டாலும் போர்வையை இழுக்கச் சொல்லும். என் வீணைப் பாட்டு ஒன்று அப்படித்தான் நாசமாய்ப் போனது.

சரி, இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம்.

எழும்பி முதல் ஐந்து, பத்து நிமிடம் ஒன்றும் போடாதீர்கள். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 24 பேருக்கு விதவிதமான இசை கேட்கவைத்து, இதயத்துடிப்பு, மூச்சு எல்லாம் அளந்து 2006இல் எழுதினார்கள். வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் ஏறின. எதிர்பாராத விசயம் என்னவென்றால், இடையில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் உடம்பு கூடுதலாகத் தளர்ந்தது, இசை தொடங்க முன்னர் இருந்ததை விடவும். மௌனத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. செம்பகம் 'ஊப் ஊப்' என்கிறது, காட்டுக்கரையில் மயில் அகவுகிறது, வயல் பக்கம் எங்கேயோ உழவு இயந்திரம் ஒன்று இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிறது. முகம் கழுவி முடியும் வரைக்கும் அது போதும்.

பிறகு பாட்டு. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். மனம் அடியில் கிடக்கும்போது எடுத்தவுடன் துள்ளல் பாட்டைப் போடுவார்கள். நீங்கள் சொன்ன அழுகைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துக்கத்தில் இருக்கிற ஆளிடம் போய் யாராவது 'சிரி, சிரி' என்று தோளை உலுக்கினால் எப்படி இருக்கும்? 1948இல் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு ஒரு வழி எழுதிவைத்தார், இன்றைக்கும் இசைச் சிகிச்சை செய்கிறவர்கள் அதைத்தான் பிடிக்கிறார்கள். முதலில் நோயாளியின் மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் உள்ள இசையைக் கொடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இசையை மாற்று, மனம் கூடவே வரும். மாட்டைக் கயிற்றில் இழுக்காமல் பக்கத்தில் நடந்து திருப்புகிற மாதிரி.

உங்களுக்கு மூன்று பாட்டு போதும், மொத்தம் கால் மணித்தியாலம். முதலாவது சொல் இல்லாததாக இருக்கட்டும். வீணை, புல்லாங்குழல், நாதஸ்வரம், எதுவும். சொல் இருந்தால் மனம் சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது போகும். வேகம் ஆறுதலாக நடக்கிற இதயத்துடிப்பு அளவுக்கு, நிமிடத்துக்கு 60, 70 தாள அடி. இதைத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும்போது போடுங்கள். இரண்டாவது கொஞ்சம் நகர்கிற பாட்டு, 80, 90 அடி. சொல் இருக்கலாம், ஆனால் உங்களுக்குப் பழைய கதை ஒன்றும் ஒட்டாத பாட்டாக இருக்க வேண்டும். இது தேத்தண்ணி குடிக்க. மூன்றாவது, தலை இழுத்து, சாப்பாடு கட்டி, வெளிக்கிடுகிற நேரத்துக்கு. நடைவேகம், நிமிடத்துக்கு 110, 120. அடி எண்ணத் தெரியாவிட்டால் 15 செக்கன் கையால் தட்டி எண்ணி நாலால் பெருக்குங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வேலையைச் சொல்லியிருக்கிறேன், கவனித்தீர்களா? அதை மாற்றாதீர்கள். இரண்டு மூன்று கிழமை அதே பாட்டு, அதே வேலை. தேத்தண்ணி வாசம், சூடான கோப்பை, அந்த மெட்டு மூன்றும் ஒட்டவேண்டும். ஒட்டினபிறகு மெட்டைக் கேட்டாலே கை கோப்பையைத் தேடும். தனக்குப் பிடித்த இசையில் உச்சமான இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கிற நேரத்திலேயே மூளையில் டோபமின் சுரப்பதை மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் படம்பிடித்துக் காட்டினார்கள். எதிர்பார்க்க வேண்டும் என்றால் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் புதுப் பாட்டுத் தேடுகிறவருக்கு இந்தச் சுகம் கிடையாது, தேடிக்கொண்டே பஸ்ஸை விட்டுவிடுவார். பாட்டுகளை முதல்நாள் இரவே இறக்கி வைத்துவிட்டு, டேட்டாவை நிறுத்தி வையுங்கள். பாட்டுப் போடப் போய்ப் பேஸ்புக்கில் யாரோ ஒருவரின் சண்டைக்குள் விழுந்தெழும்பினால் ஆல்ட்ஷுலர் என்ன செய்வார் பாவம்.

ராகம் கேட்டீர்கள். மரபில் விடியலுக்கு என்று சொல்லப்பட்டவை பூபாளம், பௌளி, மலயமாருதம். வெயில் ஏற ஏறப் பிலகரி. தேவாரப் பண்களையும் பகல் பண் 10, இரவுப் பண் 8, பொதுப் பண் 3 என்று பிரித்து வைத்திருக்கிறோம். பகல் பண்களில் புறநீர்மை விடியலுக்கு. கோயில்களில் விடியப்புறம் நாதஸ்வரத்தில் பூபாளம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ஐந்து சுரம் போதும், கண் தானாகத் திறக்கும். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம் எங்கேயாவது கிடைத்தால் காலமையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ராகத்தை மருந்துச் சீட்டுப் போல எழுதிக்கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. கோயில் வளர்ப்பில் இல்லாத ஒருவருக்குப் பூபாளம் வெறும் ஐந்து சுரம்தான். உங்கள் மூன்றாவது பாட்டுக்குப் பிலகரியைச் சொல்லலாம். அதன் ஏறுவரிசை மோகனம், இறங்குவரிசை சங்கராபரணம். ஏறும்போது ஐந்து படி, இறங்கும்போது ஏழு படி. தாவி ஏறி ஆறுதலாக இறங்குகிற அந்த நடையிலேயே ஒரு மலர்ச்சி இருக்கிறது.

நான் ராகத்தை விடப் பெரிதாக நினைப்பது உடம்பை. 1990களில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். எங்கள் வீட்டில் காலமைச் சுற்று என்னுடையது. றேடியோ திருத்துகிறவர் போட்டுத் தந்த டயோட் ஒன்று வயரில் பல்லி மாதிரித் தொங்கும். முதலில் அப்பாவுக்குச் செய்தி, அது முடியப் பாட்டு. கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கும். 'சுத்து பிள்ளை, சுத்து' என்று குசினிக்குள் இருந்து அம்மா சத்தம் போடுவா. நான் வேகமாகச் சுற்றக் குரல் மேலே வரும். பல்லவி முடிய நெற்றியில் வியர்வை. பாட்டு என்னை எழுப்பியதா, சுற்றின சுற்று எழுப்பியதா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது விரலால் தொட்டால் பாட்டு வருகிறது, அதனாலோ என்னவோ அது பாதி வேலைதான் செய்கிறது.

வன்னியில் பாட்டு எப்போதும் கைவேலையோடுதான் இருந்தது. வெயில் ஏற முன்னர் வயலில் இறங்கி அருவி வெட்டுகிறவர்கள் காப்புப் பாடித் தொடங்குவார்கள். ஒருவர் எடுக்க மற்றவர்கள் தொடுக்க, அந்தத் தாளத்துக்கு அரிவாள் போகும். வெட்டு மெசின் வந்தபிறகு அதைக் கேட்க ஆளில்லை. திருவெம்பாவைக் காலத்துப் பத்து நாளும் சங்கும் சேமக்கலமுமாகப் பனிக்குள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போன பெடியளுக்கு, காலமை மனம் பாரம் என்று சொல்ல நேரம் இருக்கவில்லை. கூட்டமாய்ப் பாடிக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நீங்களும் பாடுங்கள். குரல் நல்லதோ கூடாததோ, கிணற்றடியில் யார் கேட்கப் போகிறார்கள். எழும்பினவுடன் குரல் தடித்து, கீழே கிடக்கும். சங்கீதக்காரர் விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், சாதகம் செய்வது அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கீழ்ச் சட்ஜத்தில், அதாவது கீழ் 'ஸ'வில், 'ம்ம்ம்' என்று மூச்சு முடியும் வரை இழுங்கள், பத்துத் தடவை. மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத்துடிப்பு இறங்கும். நெஞ்சு எலும்பில் கை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். கல் வைத்தது போல என்று சொன்னீர்களே, அதே இடம்.

இன்னொன்று. பாட்டைப் போட்டுவிட்டு, 'மனம் சரிவந்துவிட்டதா, சரிவந்துவிட்டதா' என்று தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். அடுப்பில் வைத்த சோற்றை நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தால் வேகாது. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஒரு சோதனையில், இசை கேட்டுக்கொண்டே சந்தோசமாக வர முயற்சி செய்யச் சொன்னவர்கள், சும்மா கேட்கச் சொன்னவர்களை விட மோசமான மனநிலைக்குப் போனார்கள். அந்த ஆய்வில் கொடுத்தது குழப்பமான, முரட்டு இசை. 2013இல் இன்னொரு குழு உற்சாகமான இசையைக் கொடுத்து முயற்சி செய்யச் சொன்னபோது அது பலித்தது. இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொள்வது, நோக்கம் இருக்கட்டும், ஆனால் கண்காணிப்பு வேண்டாம்.

பஸ்ஸில் இயர்போன் போடுவதில் பிழையில்லை. சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபெல், கிழமைக்கு 40 மணித்தியாலம். பரந்தன் வீதியில் பழைய பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் அந்த எல்லை கெதியில் தாண்டிவிடும். வீதியில் நடக்கும்போதும், மோட்டார் சைக்கிளில் போகும்போதும், காவலில்லாத ரயில் கடவையைக் கடக்கும்போதும் காதில் ஒன்றும் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் மூன்று கிழமை செய்தும் காலமைப் பாரம் குறையவில்லை, விடிய முன்னரே விழிப்பு வந்து திரும்ப நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை என்றால், அது பாட்டோடு முடிகிற விசயம் இல்லை. மனச்சோர்வு நோயில் காலமையில் கூடுதலாக அழுத்துவது தெரிந்த அறிகுறி. மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலுக்குப் போவது போலப் போங்கள்.

கடைசியில் அம்மாவின் றேடியோ. அவவை நிறுத்தச் சொல்லாதீர்கள். மரண அறிவித்தல் கேட்பது அவவுக்கு ஊரோடு இருக்கிற தொடர்பு. யார் போனது, எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே போகலாம். உங்கள் முதலாவது பாட்டை நீங்கள் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போங்கள். இரவில் ஒருநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவ பதினாறு, பதினேழு வயதில் என்ன பாட்டுக் கேட்டா என்று கேளுங்கள். உங்கள் வயதைப் பார்த்தால் அது 1980களுக்கு அங்காலோ இங்காலோதான் இருக்கும். இலங்கை வானொலியில் காலமை 'பொங்கும் பூம்புனல்' போன காலம். அவ சொல்லச் சொல்லப் போனில் தேடிப் போடுங்கள். அந்தப் பாட்டுகள் உங்களுக்குப் பழக்கமானவை, ஆனால் உங்கள் பதினேழு வயது அவற்றில் ஒட்டியிருக்காது. இரண்டாவது பாட்டு அதற்குள் அகப்படும்.